குடுவையில் 30 நிமிடம், ஆலையில் 1,000 லிட்டர்: ஒரு வினையின் வேகத்தை அளந்து ரியாக்டர் அளவு காண்பது வரை

ரியாக்டரின் (ஆலையில் வினை நடக்கும் கலத்தின்) கொள்ளளவைக் கண்டுபிடிக்கும் கணக்கு ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அந்தக் கணக்கில் போடும் வேக மாறிலியை நம்பும்படி அளப்பதுதான் பெரிய வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி இடம் பியூரெட்டுக்கும் தண்ணீர்க் குளியலுக்கும் போகிறது.

எடுத்துக்கொள்ளும் வினை, எத்தில் அசிட்டேட்டும் (எஸ்டர்) சோடியம் ஹைட்ராக்சைடும் (காரம்) சேர்ந்து சோடியம் அசிட்டேட்டும் எத்தனாலும் தருவது. கெமிக்கல் எஞ்சினியரிங் ஆய்வகங்களில் பல தலைமுறையாக ஓடும் சோதனை இது. அறை வெப்பநிலையிலேயே நடக்கும், பின்னோக்கித் திரும்பாது, பக்க வினை கிடையாது. இரண்டாம் வகை வினை. வேகம் இரண்டு செறிவுகளின் பெருக்கலுக்கு நேர்விகிதம், அந்த விகித எண்தான் வேக மாறிலி.

1. கரைசல்கள்

சோடியம் ஹைட்ராக்சைடு 0.05 மோல்/லி: லிட்டருக்கு 2.0 கிராம். எடை போட்டதோடு நிறுத்தக் கூடாது. காரத் துண்டுகள் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுப்பதால், தராசு காட்டும் 2.0 கிராமில் காரம் எவ்வளவு என்று தெரியாது. பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் அல்லது ஆக்சாலிக் அமிலம் கொண்டு தரம் பார்த்து உண்மைச் செறிவைக் காணுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பயன்படுத்தினால் கார்பனேட் தொல்லை குறையும்.

எத்தில் அசிட்டேட் 0.05 மோல்/லி: லிட்டருக்கு 4.41 கிராம், ஏறக்குறைய 4.9 மி.லி. இது 77°செ.யிலேயே கொதிக்கும் திரவம். திறந்து வைத்தால் ஆவியாகும். மூடியுள்ள அளவுக் குடுவையில் பாதித் தண்ணீர் ஊற்றி, அதற்குள் எஸ்டரை எடை போட்டு இறக்கி, பிறகு குறிவரை நிரப்புவது நல்லது. அன்றே தயாரித்து அன்றே பயன்படுத்துங்கள்.

இவற்றோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.05 மோல்/லி, மீள் டைட்ரேஷனுக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு 0.025 மோல்/லி, ஃபீனால்ஃப்தலீன்.

2. சோதனை

ஆறு கோனிக்கல் ஃபிளாஸ்க்கில் தலா 10 மி.லி. அமிலத்தை முன்கூட்டியே பிப்பெட் செய்து வரிசையாக வையுங்கள். வினை தொடங்கிய பிறகு இதற்கு நேரம் இருக்காது.

எஸ்டர் கரைசல் 250 மி.லி., காரக் கரைசல் 250 மி.லி. இரண்டையும் தனித்தனிக் குடுவையில் 30°செ. குளியலில் 15 நிமிடம் வையுங்கள். 30 என்று சொல்வதற்குக் காரணம் நம் ஊர் வெயில்தான். பாடநூல் சொல்லும் 25°செ.யைக் கோடையில் பிடித்து வைக்க ஐஸ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 30-ஐ ஒரு சாதாரண தெர்மோஸ்டாட்டே பார்த்துக்கொள்ளும். வெப்பநிலை 1 டிகிரி தவறினால் வேக மாறிலி 6% தவறும். எனவே வெப்பமானியைக் குளியலில் வைத்துப் பயனில்லை, வினைக் கலவைக்குள் இருக்க வேண்டும்.

காரத்தை எஸ்டருக்குள் ஒரே வீச்சில் ஊற்றி, பாதி இறங்கும்போது கடிகாரத்தை அழுத்துங்கள். கலந்ததும் இரண்டின் செறிவும் பாதியாகி 0.025 மோல்/லி ஆகிவிடும். இதை மறந்து 0.05 என்று போட்டு, கிடைத்த வரைபடத்தைப் பார்த்துக் குழம்புவது ஆண்டுதோறும் நடப்பது.

2, 5, 10, 15, 20, 30 நிமிடங்களில் 10 மி.லி. மாதிரி எடுத்து அமிலத்தில் விடுங்கள். அமிலம் மிகுதியாக இருப்பதால் காரம் உடனே தீர்ந்து வினை நின்றுவிடும். பிப்பெட் காலியாக 15, 20 விநாடி ஆகலாம். பாதி இறங்கிய நொடிதான் மாதிரியின் நேரம். கைக்கடிகாரம் 5 நிமிடம் காட்டியதற்காக 5 என்று எழுத வேண்டாம், 5 நிமிடம் 12 விநாடி என்றால் அதையே எழுதுங்கள்.

பிறகு மிச்ச அமிலத்தை 0.025 மோல்/லி காரத்தால் டைட்ரேட் செய்யுங்கள். முதலில் தோன்றும் இளஞ்சிவப்பு 15 விநாடி நின்றால் போதும், அதுவே முடிவு. நிறம் சற்று நேரத்தில் மங்கும். ஃபிளாஸ்க்கில் மிச்சமுள்ள எஸ்டர் அந்தத் துளிக் காரத்தையும் தின்பதுதான் காரணம். மங்க மங்கத் துளி சேர்த்துக்கொண்டே போனால் டைட்டர் (பியூரெட்டிலிருந்து செலவான கார அளவு) வீங்கும்.

3. எண்ணிலிருந்து கோடு

மாதிரியில் இருந்த காரம் (மில்லிமோல்) = 0.5 − 0.025 × டைட்டர். அதை 10-ஆல் வகுத்தால் செறிவு. சோதனை ஒழுங்காக நடந்தால் எண்கள் ஏறக்குறைய இப்படி வரவேண்டும் (மாற்றம் என்பது தொடக்கக் காரத்தில் தீர்ந்த பங்கு):

| நேரம் (நிமிடம்) | டைட்டர் (மி.லி.) | காரச் செறிவு (மோல்/லி) | 1/செறிவு (லி/மோல்) | மாற்றம் |
|---|---|---|---|---|
| 0 | – | 0.0250 | 40 | 0 |
| 2 | 13.1 | 0.0172 | 58 | 31% |
| 5 | 15.3 | 0.0118 | 85 | 53% |
| 10 | 16.9 | 0.0077 | 130 | 69% |
| 15 | 17.7 | 0.0057 | 175 | 77% |
| 20 | 18.2 | 0.0045 | 220 | 82% |
| 30 | 18.7 | 0.0032 | 310 | 87% |

இரண்டு வினைபொருளும் சம அளவில் இருக்கும் இரண்டாம் வகை வினைக்கு:

1/செறிவு = 1/தொடக்கச் செறிவு + வேக மாறிலி × நேரம்

எனவே 1/செறிவை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. சாய்வு 9.0 லி/மோல்·நிமிடம். விநாடிக் கணக்கில் 0.15 லி/மோல்·விநாடி. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையே 60 மடங்கு இருக்கிறது. அலகை எழுதாமல் வெறும் எண்ணைக் குறித்து வைத்தால் ரியாக்டரும் 60 மடங்கு தவறும்.

கடைசிப் புள்ளிகளை எவ்வளவு நம்பலாம்? பியூரெட்டில் 0.1 மி.லி. பிழை என்றால் 0.0025 மில்லிமோல். 2-ஆம் நிமிட மாதிரியில் 0.172 மில்லிமோல் இருந்ததால் பிழை 1.5%. 30-ஆம் நிமிடத்தில் மிச்சமே 0.032 மில்லிமோல், பிழை 8% ஆகிவிடும். ஆனால் வரைபடத்தில் அந்தப் புள்ளிதான் மூலையில் உயரமாக நின்று கோட்டைத் தன் பக்கம் இழுக்கும். எக்செல் போடும் சாதாரண ட்ரெண்ட்லைன் எல்லாப் புள்ளிக்கும் சம மதிப்புக் கொடுக்கும். அதாவது மிக மோசமான புள்ளியின் சொல்லை அதிகம் கேட்கும். 80% மாற்றத்தோடு நிறுத்திக்கொள்வது எளிய வழி. முறையான வழி, ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் பிழைக்கு ஏற்ற எடை கொடுப்பது.

கோடு நேராக வராவிட்டால், எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள்.

மேல்நோக்கி வளைந்தால் எஸ்டர் காரத்தைவிட அதிகம். பெரும்பாலும் காரத்தின் உண்மைச் செறிவு நீங்கள் எழுதியதைவிடக் குறைவாக இருக்கும். குளியல் மெல்ல மெல்லச் சூடேறினாலும் இதே வளைவு வரும்.

கீழ்நோக்கிப் படுத்தால் எஸ்டர் குறைவு, அதாவது ஆவியாகிவிட்டது. காரம் மிஞ்சி நின்று செறிவு ஒரு எல்லைக்குக் கீழே இறங்காது.

கோடு நேராக இருந்தும், நேர அச்சின் பூச்சியத்தில் 40-க்குப் பதில் 41.5-ஐ வெட்டினால் கடிகாரத்தைப் பத்து விநாடி தாமதமாக அழுத்தியிருக்கிறீர்கள். சாய்வு கெடாது, அந்தச் சோதனையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

4. கடத்துதிறன் மானி இருந்தால்

டைட்ரேஷனைவிட இது வசதி. ஹைட்ராக்சைடு அயனி மின்சாரத்தை அசிட்டேட் அயனியைவிட ஐந்து மடங்கு நன்றாகக் கடத்தும் (25°செ.யில் மோலார் கடத்துதிறன் 198-க்கு 41). வினை நகர நகரக் கலவையின் கடத்துதிறன் இறங்கும். 0.025 மோல்/லி.க்குக் கணக்குப்படி 6.2 மில்லிசீமென்ஸ்/செ.மீ.யில் தொடங்கி 2.3-இல் முடியும், அயனிகள் ஒன்றையொன்று இழுப்பதால் மானி இவற்றுக்குச் சற்றுக் கீழேதான் காட்டும்.

மாற்றம் = (தொடக்க அளவு − இப்போதைய அளவு) ÷ (தொடக்க அளவு − இறுதி அளவு).

இறுதி அளவுக்காக வினை முடியும்வரை காத்திருக்காதீர்கள். இரண்டாம் வகை வினைக்கு வால் நீளம். இரண்டு மணி நேரம் கழித்தும் 3.6% காரம் மிச்சமிருக்கும். 0.025 மோல்/லி சோடியம் அசிட்டேட் கரைசல் தனியாகத் தயாரித்து அதே வெப்பநிலையில் அளந்தால் இறுதி அளவு கிடைத்துவிடும். காரத்தை 0.025-ஆக நீர்த்து அளந்தால் அதுவே தொடக்க அளவு. மூன்று அளவீட்டுக்கும் வெப்பநிலை ஒன்றாக இருக்கட்டும். கடத்துதிறன் டிகிரிக்குச் சுமார் 2% மாறும்.

5. இரண்டாம் வகைதானா?

ஒரே சோதனையின் நேர்கோடு சாட்சியாகாது. 50% மாற்றம் வரையிலான புள்ளிகளை மட்டும் வைத்தால் முதல் வகைக் கோடும் (வேகம் ஒரே ஒரு செறிவுக்கு நேர்விகிதம் என்று கொண்டு, அந்தச் செறிவின் மடக்கையை வரைவது) பார்வைக்கு நேராகத்தான் தெரியும். சோதனையை 75, 80 விழுக்காடு வரை கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான்.

ஒவ்வொரு வினைபொருளின் பங்கையும் பிரித்துப் பார்க்க, கலந்த பின் எஸ்டர் 0.05, காரம் 0.005 மோல்/லி இருக்கும்படி ஒரு சோதனை செய்யுங்கள். எஸ்டர் பத்து மடங்கு இருப்பதால் அதன் செறிவு கிட்டத்தட்ட மாறாது; வினை முதல் வகை போல நடக்கும். காரச் செறிவின் இயல் மடக்கையை (ln) நேரத்துக்கு எதிராக வரைந்தால் சாய்வு நிமிடத்துக்கு 0.45, அரைக் காலம் 92 விநாடி. அடுத்து எஸ்டரை 0.025, காரத்தை 0.0025 ஆக்குங்கள். சாய்வும் பாதியாகி 0.225 வந்தால் எஸ்டருக்கு வினைவகை ஒன்று. மடக்கைக் கோடு நேராக இருப்பதே காரத்துக்கும் ஒன்று என்று சொல்லிவிடும். இந்த வேகத்துக்குக் கை டைட்ரேஷன் ஈடுகொடுக்காது. கடத்துதிறன் மானி வேண்டும்.

6. வெப்பநிலை

குறைந்தது நான்கு வெப்பநிலைகள். 25, 30, 35, 40°செ.க்கு ஏறக்குறைய 0.11, 0.15, 0.205, 0.275 லி/மோல்·விநாடி கிடைக்கும். அர்ரீனியஸ் 1889-இல் வகுத்த உறவுப்படி, வேக மாறிலியின் இயல் மடக்கையை 1/கெல்வின் வெப்பநிலைக்கு எதிராக வரைந்து, சாய்வை 8.314-ஆல் பெருக்கினால் கிளர்வு ஆற்றல் (வினை நடக்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை): சுமார் 47 கிலோஜூல்/மோல். எதிர்க்குறியை விட்டுவிடுங்கள்.

கிடைத்த எண் 15, 20 கிலோஜூல் என்று மிகச் சிறியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அளந்தது வினையின் வேகமாக இல்லாமல் கலக்கும் வேகமாக இருக்கலாம். இங்கே எல்லாம் ஒரே கரைசலில் இருப்பதால் அந்த ஆபத்து குறைவு. எண்ணெயும் மெத்தனாலும் போல இரண்டு அடுக்குகளாகப் பிரியும் வினைகளிலும், திட வினையூக்கியிலும், கலக்கியின் சுழற்சியைக் கூட்டிப் பார்த்து வேகம் மாறாத நிலையை அடைந்த பிறகே அளக்க வேண்டும். 40-க்கு மேல் போகாதீர்கள், எஸ்டர் ஆவியாகத் தொடங்கிவிடும். அளந்த எல்லையைத் தாண்டி 80°செ.க்கு இந்தக் கோட்டை நீட்டுவதும் வேண்டாம்.

7. ரியாக்டர் அளவு

இப்போது தேவை இது: 30°செ., மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு 10 லிட்டர், கலந்த நிலையில் எஸ்டரும் காரமும் தலா 0.1 மோல்/லி, மாற்றம் 90%. வெளியேறும் செறிவு 0.01 மோல்/லி.

நுழைவில் வினைவேகம் 9 × 0.1 × 0.1 = 0.09 மோல்/லி·நிமிடம். வெளியேறும் இடத்தில் 9 × 0.01 × 0.01 = 0.0009. நூறு மடங்கு வித்தியாசம். ரியாக்டர் வகைகளுக்கு இடையிலான வேறுபாடு முழுவதும் இந்த நூறு மடங்கை எப்படிக் கையாள்கிறோம் என்பதில் இருக்கிறது.

*கலக்கும் தொட்டி (சி.எஸ்.டி.ஆர்.).* நன்றாகக் கலந்த தொட்டிக்குள் எங்கும் வெளியேறும் செறிவுதான். உள்ளே வரும் புதுக் கரைசல் அந்த நொடியே நீர்த்துப்போய், மிகக் குறைந்த வேகத்தில் வினைபுரியும். தங்கு நேரம் (திரவம் உள்ளே இருக்கும் சராசரி நேரம்) = குறைய வேண்டிய செறிவு ÷ வெளியேறும் இடத்து வேகம் = 0.09 ÷ 0.0009 = 100 நிமிடம். கொள்ளளவு = தங்கு நேரம் × ஓட்டம் = 100 × 10 = 1,000 லிட்டர்.

*குழாய் ரியாக்டர் (பி.எஃப்.ஆர்.).* குழாயின் வாயில் வேகம் அதிகம், போகப்போகக் குறையும். தங்கு நேரம் = மாற்றம் ÷ (வேக மாறிலி × தொடக்கச் செறிவு × (1 − மாற்றம்)) = 0.9 ÷ (9 × 0.1 × 0.1) = 10 நிமிடம். கொள்ளளவு 100 லிட்டர்.

அதே வேலைக்குப் பத்தில் ஒரு பங்கு. 1/வேகத்தை மாற்றத்துக்கு எதிராக வரையும் லெவன்ஸ்பீல் வரைபடத்தில் இது கண்ணுக்கே தெரியும். குழாய்க்கு வேண்டியது வளைகோட்டின் கீழுள்ள பரப்பு. தொட்டிக்கு வேண்டியது கோட்டின் உச்சியைத் தொடும் முழுச் செவ்வகம்.

*தொட்டிகளை வரிசையாக வைத்தால்* செவ்வகம் படிக்கட்டாகிவிடும். இரண்டு சமத் தொட்டிகளுக்குக் கணக்கை வாலிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் தொட்டிக்குள் நுழையும் செறிவு = 0.01 + (9 × தங்கு நேரம் × 0.01²). முதல் தொட்டிக்கும் அதே சமன்பாடு, விடை 0.1 வரும்வரை தங்கு நேரத்தை மாற்றிப் பாருங்கள். 15.2 நிமிடத்தில் பொருந்தும். தலா 152 லிட்டர், மொத்தம் 304. முதல் தொட்டியே 76% மாற்றத்தை முடித்துவிடும். மூன்று தொட்டிகளுக்குத் தலா 69.5 லிட்டர், மொத்தம் சுமார் 210. ஆயிரத்திலிருந்து 304-க்கு இறங்கியது பெரிய லாபம். 304-இலிருந்து 210-க்கு ஒரு தொட்டி, ஒரு கலக்கி, ஒரு மோட்டார், ஒரு சீல் கூடுதல். பெரும்பாலான இடங்களில் இரண்டோடு நிறுத்துவதே சரி.

*பேட்ச் (ஒரு தடவை நிரப்பி, வினை முடிந்ததும் காலி செய்வது).* வினை நேரம் குழாயைப் போலவே 10 நிமிடம். ஆனால் நிரப்ப, காலி செய்ய, கழுவ 50 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். மணிக்கு 600 லிட்டர் கையாள வேண்டும், தொட்டியை 75%-க்கு மேல் நிரப்ப மாட்டோம், ஆக 800 லிட்டர். ஒரு சுற்றில் ஆறில் ஐந்து பங்கு நேரம் வினையே நடக்காமல் போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் வெப்பநிலையைக் கூட்டி வினையை இன்னும் வேகப்படுத்துவதில் அர்த்தமில்லை. பெரிய வடிகால் வால்வு போடுவதில் இருக்கிறது.

90%-க்குப் பதில் 99% கேட்டால் கதை மாறும். குழாய்க்கு 110 நிமிடம். ஒற்றைத் தொட்டிக்கு 11,000 நிமிடம், அதாவது 1,10,000 லிட்டர். யாரும் கட்ட மாட்டார்கள். இங்கே ரியாக்டரைப் பெரிதாக்காமல் விகிதத்தை மாற்ற வேண்டும். காரம் 0.1 ஆகவே இருக்க, எஸ்டரை 0.15 ஆக்குங்கள். வாலில் எஸ்டர் 0.05-க்குக் கீழே இறங்காது, வேகம் செத்துப்போகாது. குழாயில் காரத்தின் 99% மாற்றத்துக்கு 7.8 நிமிடம் போதும். 110 நிமிடம் எட்டாகிவிட்டது. மிஞ்சும் எஸ்டரைப் பிரித்தெடுக்கும் செலவு தனி. அந்தச் செலவையும் ரியாக்டர் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் விகிதத்தை முடிவு செய்வார்கள்.

இவ்வளவு எண்களைப் பார்த்துவிட்டுக் குழாய்தான் எப்போதும் மேல் என்று எண்ண வேண்டாம். திடப்பொருள் மிதக்கும் கலவை குழாயை அடைக்கும். செறிவு குறைவாக இருந்தால்தான் வேண்டிய பொருள் அதிகம் கிடைக்கும் என்ற இணை வினைகளுக்குத் தொட்டியே நல்லது. வெப்பநிலையை ஒரே அளவில் பிடிக்கவும் தொட்டி எளிது.

8. அந்த 100 லிட்டர் எப்படிப்பட்ட குழாய்?

உள்விட்டம் 25 மி.மீ. என்றால் நீளம் 204 மீட்டர். ஓட்ட வேகம் விநாடிக்கு 0.34 மீ., ரெய்னால்ட்ஸ் எண் (ஓட்டம் அமைதியானதா, கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) சுமார் 10,600. ஓட்டம் கொந்தளிப்பானது, குழாய் முழுவதும் ஒரே வேகம் என்ற கருதுகோளுக்கு அருகில் இருக்கும். அழுத்த இழப்பு நேர்க்குழாய்க்கு 0.15 பார் மட்டுமே.

50 மி.மீ. என்றால் 51 மீட்டர், ரெய்னால்ட்ஸ் எண் 5,300. தாங்கலாம். 100 மி.மீ. என்றால் வெறும் 12.7 மீட்டர், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ரெய்னால்ட்ஸ் எண் 2,650-க்கு இறங்கிவிடும். நடுவில் ஓடும் திரவம் சுவரோரத் திரவத்தை முந்திக்கொண்டு, வினை முடியாமலே வெளியே வரும். நீளத்தை மிச்சப்படுத்தப் போய் மாற்றத்தை இழப்பீர்கள். இரண்டு ஊட்டங்களும் சேரும் இடத்தில் ஒரு ஸ்டேடிக் மிக்சர் (சுழலாமல் நின்றபடியே கலக்கும் குழாய்த் துண்டு) வையுங்கள். இல்லாவிட்டால் முதல் சில மீட்டர் கலப்பதற்கே போய்விடும்.

9. கட்டிய தொட்டி கணக்குப்படி நடக்கிறதா?

1,000 லிட்டர் தொட்டி என்று பெயர்ப்பலகை சொல்லும். உண்மையில் எத்தனை லிட்டர் வேலை செய்கிறது என்பதை உப்பு சொல்லும். தொட்டியில் தண்ணீரை மட்டும் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட விட்டு, 200 கிராம் சாதாரண உப்பை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து நுழைவில் ஒரே தடவையில் ஊற்றுங்கள். வெளியேறும் குழாயில் கடத்துதிறனை 300 நிமிடம் வரை பதிவு செய்யுங்கள். உப்பால் வரும் ஏற்றம் சுமார் 0.4 மில்லிசீமென்ஸ்/செ.மீ.தான். போர்வெல் தண்ணீரின் அடிப்படை அளவே இதைவிட அதிகமாக இருக்கலாம், எனவே அதை முதலில் அளந்து கழித்துவிடுங்கள்.

நன்றாகக் கலக்கும் தொட்டியில் அளவு உடனே உச்சிக்குப் போய், 100 நிமிடத்தில் உச்சியின் 37%-க்கு இறங்கும். 70 நிமிடத்திலேயே இறங்கிவிட்டால் 700 லிட்டர்தான் உயிரோடு இருக்கிறது, மீதி தேங்கிய மூலை. ஊற்றிய சில விநாடியில் ஒரு கூர்மையான முள் போல எழுந்து விழுந்தால் நுழைவிலிருந்து வெளியேறும் வாய்க்குக் குறுக்கு வழி இருக்கிறது. ஊட்டக் குழாயைக் கலக்கியின் இதழுக்கு அருகே இறக்கி, வெளியேறும் வாயை எதிர்ப்பக்கம் மாற்றினால் பெரும்பாலும் தீரும். சுவரில் நான்கு பேஃபிள்கள் (செங்குத்தான தடுப்புப் பட்டைகள்) வேண்டும், ஒவ்வொன்றும் தொட்டி விட்டத்தின் பத்தில் ஒரு பங்கு அகலம், இல்லாவிட்டால் திரவம் கலக்காமல் ஒட்டுமொத்தமாகச் சுற்றும்.

10. வெப்பம்

எஸ்டர் வினையில் வெளிவரும் வெப்பம், அமிலத்தைக் காரம் நடுநிலையாக்கும் வெப்பத்தின் அளவே, மோலுக்கு 55 முதல் 60 கிலோஜூல். 0.1 மோல்/லி.யில் கலவை ஒன்றரை டிகிரிகூட ஏறாது. அதனால்தான் ஆய்வகத்தில் இது சாதுவாக நடந்துகொள்கிறது. அதே வினையை 2 மோல்/லி.யில் செய்தால் 27 டிகிரி ஏறும், வேகம் ஐந்து மடங்கு ஆகும்.

உருவம் மாறாமல் 1 லிட்டரிலிருந்து 1,000 லிட்டருக்குப் போனால், லிட்டருக்குக் கிடைக்கும் சுவர்ப் பரப்பு பத்தில் ஒரு பங்காகும். லிட்டருக்கு வரும் வெப்பம் மட்டும் குறைவதில்லை. வேகக் கணக்கு சரியாக இருந்தும் ஆலையில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்.

ஒரு மாதிரிக் கணக்கு. 5 கன மீட்டர் டொலுவீன் கலவை, 60°செ., கன மீட்டருக்கு 2 கிலோமோல், வினைவெப்பம் மோலுக்கு 100 கிலோஜூல். மொத்தம் 1,000 மெகாஜூல். ஜாக்கெட் (தொட்டியைச் சுற்றிய குளிர்நீர் உறை) பரப்பு 12 சதுர மீட்டர், வெப்பக் கடத்தல் கெழு 300 வாட்/ச.மீ.·டிகிரி. கூலிங் டவர் தண்ணீர் சென்னைக் கோடையில் 32-இல் நுழைந்து 38-இல் வெளியேறுகிறது என்று கொள்ளுங்கள். சராசரி வித்தியாசம் 25 டிகிரி. எடுக்க முடிந்த வெப்பம் 300 × 12 × 25 = 90 கிலோவாட். எல்லாவற்றையும் எடுக்கக் குறைந்தது 3.1 மணி நேரம். ஜாக்கெட்டில் உப்புப் படிந்து கெழு 200-க்கு இறங்கினால் 60 கிலோவாட், 4.6 மணி. ஆகவே ஒரு வினைபொருளை முதலில் போட்டு, மற்றதை 5 மணி நேரத்துக்குக் குறையாமல் டோசிங் செய்ய (சிறிது சிறிதாகச் சேர்க்க) வேண்டும். வேக மாறிலி என்ன சொன்னாலும் இந்த நேரத்தை முடிவு செய்வது ஜாக்கெட்தான். தொடக்கத்தில் தொட்டி பாதிதான் நிரம்பியிருக்கும், திரவம் தொடும் ஜாக்கெட் பரப்பும் அவ்வளவுதான் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்த கேள்வி: குளிர்நீர் பம்ப் இந்த நொடி நின்றால்? டொலுவீன் கலவைக்குக் கன மீட்டருக்கு டிகிரிக்கு சுமார் 1.5 மெகாஜூல் என்றால், வினை முழுவதும் ஒரேயடியாக நடந்தால் ஏற்றம் 133 டிகிரி. 60-இலிருந்து 193°செ. டொலுவீன் 111-இலேயே கொதிக்கும். ஆனால் டோசிங்கை உடனே நிறுத்தி, உள்ளே வினைபுரியாமல் சேர்ந்திருப்பது மொத்தத்தில் 20% மட்டும் என்றால் ஏற்றம் 27 டிகிரி, 87°செ.யில் நின்றுவிடும். எனவே வினைபுரியாத பொருள் சேராமல் பார்ப்பதே டோசிங்கின் நோக்கம். பயந்துபோய்க் குறைந்த வெப்பநிலையில் டோசிங் செய்வது இதைத்தான் கெடுக்கிறது. குளிரில் வினை நடக்காது, பொருள் குவியும், பிறகு சூடேறும்போது எல்லாம் சேர்ந்து கிளம்பும். சேர்ந்திருக்கும் அளவைச் சொல்ல, நீங்கள் குடுவையில் அளந்த வேக மாறிலி இங்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் டி2 (T2) லேபரட்டரீஸ் ஆலையில் 2007 டிசம்பர் 19 அன்று நடந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2,450 கேலன் ரியாக்டரில் உலோகச் சோடியம் கொண்டு செய்யும் வினை. 174 பேட்ச்கள் ஓடியிருந்தன. 42-ஆவது பேட்சிலிருந்து அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டியிருந்தார்கள். 175-ஆவதில் குளிர்விப்பு தவறியது. மாற்று நீர் வழி இல்லை. சூடேறிய கலவையில், 199°செ.க்கு மேல், சோடியம் கரைப்பானோடு வினைபுரியும் இரண்டாவது வினை தொடங்கியது. 400 பி.எஸ்.ஐ.யில் வைத்திருந்த ரப்ச்சர் டிஸ்க்கால் (அழுத்தம் மீறினால் கிழிந்து வழிவிடும் தகட்டால்) அதைச் சமாளிக்க முடியவில்லை. நான்கு பேர் இறந்தார்கள். விசாரித்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம், வினை அபாயங்களைக் கெமிக்கல் எஞ்சினியரிங் பாடத்திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது.

ஆகவே வேண்டிய வினையை மட்டும் அளந்தால் போதாது. கலவை எட்டக்கூடிய உச்ச வெப்பநிலையில் வேறு எது தொடங்கும் என்பதை டி.எஸ்.சி. (மாதிரியை மெல்லச் சூடாக்கி வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கருவி) அல்லது அடியபாட்டிக் (வெப்பம் வெளியே போகாத) கலோரிமீட்டரில் முன்பே பார்க்க வேண்டும். பிறகு டோசிங் வால்வுக்கு மூன்று இன்டர்லாக்: கலக்கி மோட்டாரின் மின்னோட்டம் விழுந்தால், குளிர்நீர் ஓட்டம் குறைந்தால், கலவை வெப்பநிலை குறித்த எல்லைக்கு மேலோ கீழோ போனால், வால்வு தானாக மூட வேண்டும். கலக்கி நின்றிருந்த நேரத்தில் டோசிங் ஓடியிருந்தால் அதை மறுபடி உடனே சுற்ற விடாதீர்கள். கீழே தனி அடுக்காகக் கிடக்கும் பொருள் ஒரே சுற்றில் கலந்துவிடும்.